கிராவேக்கு என்ன நம்பர் சார்?

மேற்கத்திய இசையின் தியரி புத்தகங்களில் வரும் ஓர் அட்டவணை என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் இத்தாலியச் சொற்கள், எதிரே நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்கள். லார்கோ 40 முதல் 60, லார்கெட்டோ 60 முதல் 66, அடாஜியோ 66 முதல் 76, அண்டாந்தே 76 முதல் 108, மாடராட்டோ 108 முதல் 120, அலெக்ரோ 120 முதல் 168, பிரெஸ்டோ 168 முதல் 200. வேகத்தைத் தட்டிக் காட்டும் பழைய மர மெட்ரோனோம் கருவிகளின் முகப்பிலும் இதே வரிசையைப் பார்க்கலாம். லார்கெட்டோவுக்குக் கிடைத்தது ஆறே ஆறு எண், அலெக்ரோவுக்கு நாற்பத்தெட்டு. யார் உட்கார்ந்து இப்படிப் பங்கு பிரித்தார்கள், எந்தப் பாட்டைக் கேட்டுப் பிரித்தார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. கிரேடு பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்தால் மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

நான் இசைக்கலைஞன் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சர்ச் கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடுகிறவன், அவ்வளவுதான். சோப்ரானோக்காரர்கள் ராகத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது கீழே நின்று நாலு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை. பேஸ் பாடுகிறவனுக்குத்தான் வேகத்தின் அருமை தெரியும். நீண்ட சுரங்களெல்லாம் அவன் தலையில்தான் விழும். மூச்சு முட்டுவதும் அவனுக்குத்தான்.

ஈஸ்டருக்கு ஹேண்டல் என்ற இசையமைப்பாளரின் மெசையா என்ற நெடும் படைப்பிலிருந்து 'மனுஷனால் மரணம் உண்டானபடியால்' என்ற வசனத்துக்கான கோரஸை எடுத்தோம். ஆங்கிலத்தில்தான் பாடுவோம். சின்னப் பாட்டு, ஆனால் பொல்லாத பாட்டு. முதல் வரிக்கு மேலே கிராவே என்று இருக்கும், கனமாக, மெதுவாக என்று பொருள். வாத்தியம் எதுவும் கிடையாது, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல் மட்டும். மரணம் முடிந்து உயிர்த்தெழுதல் வந்ததும் அலெக்ரோ. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து பாய்ந்து வரும். பிறகு ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிற இடத்தில் மறுபடி கிராவே, மறுபடி வெறும் குரல். கிறிஸ்துவுக்குள் உயிர்ப்பிக்கப்படும் இடத்தில் மறுபடி அலெக்ரோ. எழுதியவர் ஜெர்மானியர், எழுதிய ஊர் லண்டன், வார்த்தை ஆங்கிலம், மேலே இருக்கிற உத்தரவு மட்டும் இத்தாலியன். ஹேண்டல் இளம் வயதில் நாலு வருடத்துக்கு நெருக்கமாக இத்தாலியில் இருந்தவர் என்பது ஒரு காரணம். அன்றைக்கு ஐரோப்பா முழுக்கத் தொழில் தெரிந்தவர்களின் பாஷை அதுதான் என்பது பெரிய காரணம்.

எங்கள் கீபோர்டு தம்பி சூட்டிகையானவன். போனில் மெட்ரோனோம் செயலி வைத்திருக்கிறான். பயிற்சி தொடங்கும் முன்பே, "கிராவேக்கு என்ன நம்பர் சார்?" என்று கேட்டான். கொயர் மாஸ்டர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "நம்பரா? பாடிப் பாத்தா தெரியும்" என்றார். தம்பி அதற்குள் தேடி எடுத்துவிட்டான். "நாப்பது போட்டிருக்கு சார்." சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று நாற்பதில் வைத்தோம். டிக் என்று ஒன்று. அடுத்த டிக் வருவதற்குள் ஒரு ஜெபமே சொல்லிவிடலாம் போலிருந்தது.

வாத்தியம் இல்லாமல் மெதுவாகப் பாடும் எந்தக் குழுவுக்கும் நேர்வது எங்களுக்கும் நேர்ந்தது. மூச்சு போதாமல் சுரத்தின் கடைசிப் பகுதி தொய்ந்தது. ஒவ்வொரு தொய்வுக்கும் பிட்ச், அதாவது சுருதி, ஒரு நூல் இறங்கியது. எல்லாரும் சேர்ந்து இறங்குவதால் பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. அலெக்ரோ வந்ததும் தம்பி கீபோர்டைத் தொட்டான். அவன் வேறு ஊரில் இருந்தான், நாங்கள் கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே வேறு ஊரில். ஹேண்டல் இந்தக் கோரஸை இப்படி அமைத்ததில் இருக்கிற குரூரமே அதுதான்: ரகசியமாகச் சேர்த்து வைத்த பாவமெல்லாம் வாத்தியம் நுழைகிற நொடியில் சபைக்கு முன்னால் வந்துவிடும். ஆல்ட்டோ வரிசையில் சிரிப்பு. மாஸ்டர் செயலியை நிறுத்தச் சொன்னார். "தம்பி, தலையில நெல்லு மூட்டை வச்சிருக்கவன் மெதுவாத்தான் போவான். ஆனா நின்னான்னா மூட்டை கீழ வந்துரும். நடக்கணும்." அவர் கையசைத்த வேகத்தைத் தம்பி அப்புறம் அளந்து பார்த்திருக்கிறான்: ஐம்பத்தாறோ ஐம்பத்தெட்டோ. அட்டவணைப்படி அது லார்கோ. ஆனால் பாடும்போது அது கனமாகத்தான் இருந்தது, பிட்ச்சும் நின்றது.

எண் தோற்றது, சொல் ஜெயித்தது என்று எனக்கு அன்றைக்குப் பரம திருப்தி. அந்தத் திருப்தியோடு கொஞ்சம் படிக்கப் போனதுதான் வினை.

சொற்கள் நகர்ந்துகொண்டே இருந்தன

நம்பிப் போன சொற்கள் ஓர் இடத்தில் நிற்பவை அல்ல. இங்கிலாந்தில் ஹென்றி பர்செல் என்ற இசையமைப்பாளர் 1683இல் மூன்று குரல் சொனாட்டாக்களை வெளியிட்டபோது, ஆங்கிலேய வாசகர்களுக்கு இந்த இத்தாலியச் சொற்கள் பழக்கம் இருக்காது என்று முன்னுரையில் விளக்கம் கொடுத்தார். அதில் அடாஜியோவும் கிராவேயும் மிக மெதுவான நடை. லார்கோ? நடுத்தர நடை. இன்றைக்கு அட்டவணையின் அடிமட்டத்தில் படுத்திருக்கிற லார்கோ, பர்செலுக்கு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. இதை இன்றைய தேர்வில் எழுதினால் தவறு என்று சுழித்துவிடுவார்கள். எழுதியவர் பர்செலாகவே இருந்தாலும் சுழிப்பார்கள்.

அண்டாந்தினோவின் கதை இன்னும் மோசம். அண்டாந்தே என்றால் நடக்கிற வேகம். அதன் குட்டி வடிவம் அண்டாந்தினோ. குட்டி என்றால் எது குறைகிறது? மெதுவான தன்மை குறைந்தால் வேகம் கூடும். நடை குறைந்தால் வேகமும் குறையும். இரண்டு அர்த்தத்திலும் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எடின்பரோவின் ஜார்ஜ் தாம்சன் என்ற பதிப்பாளருக்காக ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த பீத்தோவன், 1813இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்கிறார்: இனி அண்டாந்தினோ என்று குறிப்பதானால், அண்டாந்தேயைவிட வேகமா மெதுவா என்று தயவுசெய்து சொல்லுங்கள், இந்தச் சொல்லின் பொருள் அவ்வளவு நிச்சயமில்லாதது, சில சமயம் அலெக்ரோவை நெருங்குகிறது, சில சமயம் அடாஜியோ மாதிரி வாசிக்கப்படுகிறது என்று. பீத்தோவனுக்கே தெரியாத விடையை நம் ஊர் மூன்றாம் கிரேடு பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கலாம். கீர்த்தனைப் புத்தகத்தில் ராகமும் தாளமும் இருக்கும். காலப்பிரமாணம், அதாவது பாட்டு எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது, குருவின் வாயில் இருக்கும். எழுதாததால் சண்டையும் இல்லை. அல்லது சண்டை இருக்கிறது, காகிதத்தில் இல்லை. மேற்கில் பாட்டு அச்சேறி, எழுதியவர் கண்காணாத ஊர்களுக்குப் போனது. அங்கே வாய் இல்லை, ஒரு சொல்தான் போக முடிந்தது.

அந்தச் சொல்லுக்கு அளவு வேண்டும் என்று தவித்தவர்களின் வரிசை நீளமானது. பாரிஸில் எத்தியேன் லூலியே 1696இல் ஆறடி உயரத்துக்கு ஓர் ஊசல் கருவியை முன்வைத்தார். அவ்வளவு உயரம் ஏன் என்றால், சாதாரண ஊசல் நொடிக்கு ஒரு முறை தட்ட வேண்டுமானாலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் வேண்டும். நாற்பதுக்கு இறங்க வேண்டுமானால் இரண்டு மீட்டரையும் தாண்டும். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்குக்குப் புல்லாங்குழல் கற்பித்த குவாண்ட்ஸ் 1752இல் எளிய வழி சொன்னார்: நாடியைப் பிடி. அதுவும் எந்த நாடி? மதியச் சாப்பாட்டுக்குப் பின், உற்சாகமான சுபாவம் உள்ள ஒருவருடைய நாடி, நிமிடத்துக்குச் சுமார் எண்பது. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் கொயரில் நாடி பிடித்தால் கிராவேதான் வரும்.

ஊசலைக் குட்டையாக்கியவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த வின்கெல். அச்சுக்கு மேலும் கீழும் எடை வைத்தால் ஒரு சாண் கம்பியே மெதுவாக ஆடும் என்று 1814இல் கண்டுபிடித்தார். அங்கே போய்ப் பார்த்த மெல்ட்செல் அதற்கு ஓர் அளவுக்கோல் சேர்த்து 1815இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். உரிமை யாருடையது என்று பின்னால் டச்சு அறிவியல் கழகம் வின்கெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் மெல்ட்செலின் பெயர் உலகம் முழுக்கப் போய்விட்டது. சதுரங்கம் ஆடும் போலி இயந்திரத்தை ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்த அதே மெல்ட்செல்தான். பீத்தோவனுக்குக் காது கேட்பதற்கான குழல்களைச் செய்து கொடுத்தவரும், அவரோடு ஒரு படைப்பின் உரிமைக்காக வழக்கு வரை போனவரும் இவரே.

எழுபத்தாறு

பீத்தோவன் எண் பக்கம் சாய்ந்தார். 1817இல் மோசெல் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அலெக்ரோ, அண்டாந்தே, அடாஜியோ, பிரெஸ்டோ என்ற இந்த அர்த்தமற்ற சொற்களை விட்டுவிட வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன், மெல்ட்செலின் மெட்ரோனோம் அதற்கு வழி செய்கிறது என்கிறார். அலெக்ரோ என்றால் சந்தோஷம். பாட்டோ பல நேரம் அதற்கு நேர் எதிராகப் பேசுகிறது என்பது அவர் புகார். அந்த வருடக் கடைசியில், அதுவரை எழுதிய எட்டு சிம்பனிகளின் எல்லாப் பகுதிகளுக்கும் எண்களை ஒரு லைப்சிக் பத்திரிகையில் வெளியிட்டார்.

அந்த எண்களில் ஒன்றுதான் என் திருப்தியைக் கெடுத்தது. ஏழாம் சிம்பனியின் இரண்டாம் பகுதி. காற்று வாத்தியங்கள் ஒரு சோகமான கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, பிடித்து விட, கீழே வியோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டும் 'தாம் தக தாம் தாம்' என்று தொடங்கும். பெரும்பாலும் ஒரே சுரம்தான். பேஸ் பாடுகிறவனுக்கு இதைவிடப் பெருமையான பாட்டு உலகத்தில் கிடையாது. நான் கேட்டு வளர்ந்த ஒலிப்பதிவில் அது சவ ஊர்வலம். யாரோ பெரிய மனிதரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தெருவெல்லாம் அமைதியாக நிற்கிறது. சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த வாரத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். இதைவிட மெதுவான இசை இருக்கலாம், இதைவிடத் துக்கமானது இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

மேலே எழுதியிருப்பது என்ன? அலெக்ரெட்டோ. அலெக்ரோவின் தங்கை. எண்: கால் சுரத்துக்கு, அதாவது இங்கே ஒரு பீட்டுக்கு, 76. மொத்தம் 278 பார் (தாளக் கட்டு), பாருக்கு இரண்டு பீட். மாறாமல் அதே வேகத்தில் போனால் ஏழு நிமிடம் இருபது விநாடியில் முடிந்துவிட வேண்டும். என் கையில் இருந்தது ஒன்பது நிமிடத்தைத் தாண்டியது. இருபதாம் நூற்றாண்டில் இசைக்குழுவை நடத்திய பெரிய கண்டக்டர்களிடம் பத்து நிமிடத்தைத் தொட்டவர்களும் உண்டு. பழங்கால வாத்தியங்களைக் கொண்டு, எழுதிய எண்ணை ஒட்டி வாசிக்கும் குழு ஒன்றின் பதிவைத் தேடி எடுத்து ஓர் இரவு ஹெட்போனில் கேட்டேன்.

முதல் நிமிடம் கோபம்தான் வந்தது. ஊர்வலத்தை விரட்டுகிறார்களே என்று. இரண்டாவது சுற்றில், தாம் தக தாம் தாமுக்கு மேலே செல்லோவும் வியோலாவும் இன்னொரு ராகத்தைப் பாடத் தொடங்கும் இடத்தில் கோபம் நின்றது. மெதுவான பதிவில் அந்த ராகம் பெருமூச்சுகளாக உடைந்து உடைந்து வரும். இங்கே ஒரே மூச்சில் நீண்டு பாடியது. அதுவரை அதை ஒரு பாட்டாக நான் கேட்டதே இல்லை. துக்கம் போய்விடவில்லை. ஆனால் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் துக்கமாக இருந்தது, தெருவில் நின்று பார்க்கிறவர்களுடையதாக இல்லை. 1813 டிசம்பரில் வியன்னாவில் இது முதன்முதலாக அரங்கேறியது, போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டும் கச்சேரியில். ஏற்பாடு செய்தவர், வேறு யார், மெல்ட்செல். கூட்டம் இந்தப் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டது. பத்து நிமிட ஊர்வலத்தை ஒன்ஸ்மோர் கேட்கிற கூட்டம் உண்டா என்று எனக்குச் சந்தேகம். ஏழு நிமிடப் பாட்டைக் கேட்டிருப்பார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு சொல் ஜெயித்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அலெக்ரெட்டோ என்ற சொல் அத்தனை வருடமும் அந்தப் பக்கத்தின் தலையிலேயேதான் இருந்தது. யாரையும் அது தடுக்கவில்லை. சொல் வளைந்து கொடுக்கும். வழக்கம் எந்தப் பக்கம் இழுத்தாலும் போகும், போனது தெரியாமலே போகும். எண்ணையும் மீறினார்கள்தான். பீத்தோவனின் மெட்ரோனோம் பழுது என்று சொல்லித் தப்பிக்கிற வழக்கம் இன்று வரை இருக்கிறது. ஆனால் எண்ணை மீறுகிறவனுக்குத் தான் மீறுகிறோம் என்று தெரியும், அதனால்தான் அவன் காரணம் தேடுகிறான். சொல்லை மீறுகிறவன் காரணம் தேடுவதே இல்லை. அவனுக்குத் தான் செய்வதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம்.

பீத்தோவனும் முழுசாகத் தாவிவிடவில்லை. அதே மோசெல் கடிதத்தில், பாட்டின் குணத்தைச் சொல்லும் வார்த்தைகளை விட முடியாது, தாளம் உடம்பு மாதிரி, அவை பாட்டின் ஆவியைச் சேர்ந்தவை என்று பிரித்துப் பேசுகிறார். அதே ஆண்டில் எழுதிய ஒரு பாடலின் கையெழுத்துப் படியில், மெல்ட்செல்படி 100 என்று போட்டுவிட்டு, இது முதல் சில பார்களுக்கு மட்டும்தான், உணர்ச்சிக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு என்று பக்கத்திலேயே எழுதி வைத்தார். விட்டுவிடுவேன் என்ற சொற்களோ 1824இல் ஒன்பதாம் சிம்பனியின் முதல் பக்கத்தில் கூட்டமாகத் திரும்பி வந்தன: அலெக்ரோ மா நோன் ட்ரோப்போ, ஊன் போக்கோ மாஎஸ்தோஸோ. வேகம்தான், ஆனால் ரொம்ப வேண்டாம், கொஞ்சம் கம்பீரம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் எண்ணும் உண்டு. முப்பத்திரண்டு பியானோ சொனாட்டாக்களில் எண் கொடுத்தது ஒன்றே ஒன்றுக்கு. அந்த எண்ணில் அதை வாசிக்க முடியுமா என்று பியானோக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

தொண்ணூற்றாறா, நூற்றெட்டா

இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் பயிற்சி தொடங்கும் நேரம் பார்த்துச் சொன்னேன். அல்லேலூயா கோரஸில் ஹேண்டல் எழுதியிருப்பது அலெக்ரோ. நாங்கள் பாடுவது 96. அட்டவணையை நான் நம்பவில்லை, ஆனால் இந்த 96 எங்கிருந்து வந்தது சார் என்று கேட்டேன். அவர் கூரையைக் காட்டினார். உண்மைதான், எங்கள் சர்ச் பழைய கட்டடம், உயரக் கூரை, ஒரு சத்தம் எழுந்தால் இறங்கி வர நேரமாகும். அடுத்தடுத்து வரும் குறுகிய அல்லேலூயாக்கள் வேகமாகப் போனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூச்சலாகிவிடும். "அப்ப கூரைதான் காரணமா, இல்ல உங்களுக்கு முன்னால இருந்த மாஸ்டர் அப்படிப் பாடினாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கீபோர்டுத் தம்பியைக் கூப்பிட்டு, "அந்தப் பெட்டியை எடு. நூத்தியெட்டு வை" என்றார்.

முதல் தடவை தடுமாறினோம். வயதான டெனர்கள் இருவர் வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள். குறுகிய அல்லேலூயாக்கள் மாஸ்டர் சொன்னபடியே கூரையில் குழம்பின. ஆனால் 'இந்த உலகத்தின் ராஜ்யம்' என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பாடுகிற இடமும், அதற்கடுத்து பேஸ் தனியாகத் தொடங்கி டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என்று ஒவ்வொருவராகச் சேருகிற இடமும் திடீரென்று உயிர் பெற்றன. 96இல் அந்த இடத்தில் நான் எப்போதும் மூச்சைத் திருட வேண்டியிருக்கும். 108இல் ஒரே மூச்சில் முடிந்தது. இப்போது நாங்கள் பாடுவது 102 பக்கம் என்று தம்பி சொல்கிறான். பண்டிகை ஆராதனையில் சர்ச் நிரம்பி வழியும்போது சத்தத்தை ஆட்களே உறிஞ்சிக்கொள்வதால் இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார் மாஸ்டர். வெறும் சர்ச்சில் பயிற்சியின்போது இறக்குகிறார். எங்கள் பிரதிகளில் அலெக்ரோ என்று அச்சடித்ததன் பக்கத்தில் பென்சிலில் எண் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறோம்.

ஆல்ட்டோ வரிசையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இந்த வருடம் தியரி பரீட்சை எழுதுகிறாள். போன வாரம் புத்தகத்தோடு வந்து, "மாமா, அண்டாந்தினோ அண்டாந்தேயைவிட ஸ்பீடா, ஸ்லோவா?" என்று கேட்டாள். தாம்சனுக்கு பீத்தோவன் எழுதிய கடிதத்தைப் பற்றி முழுசாகச் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டாள். கடைசியில், "சரி மாமா, பேப்பர்ல என்ன எழுத?" என்றாள். சற்று வேகம் என்று எழுது, கடிதத்துக்கெல்லாம் மார்க் கிடையாது என்று சொல்லி அனுப்பினேன்.